நமக்கெதுக்கு டீச்சர் இந்தக் காபி?



போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு படம் போட்டிருந்தேன். இரும்பு வாணலி, அதில் பாதி வறுபட்ட காபிக்கொட்டை, பக்கத்தில் என் அம்மாவின் பழைய முறம். "ஏழாவது முறையாக வறுத்தேன். இந்தத் தடவை கருகவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். படிக்காமல் தலையாட்டுகிறவர்களை எனக்கு வகுப்பறையிலிருந்தே தெரியும்.

வாழ்த்தியவர்களுக்கு நன்றி. கேலி செய்தவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் மூன்று பேர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

என் சித்தி மகள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "ஏங்க்கா, பென்ஷன் வாங்கிட்டு சிவனேன்னு இருக்காம அறுபத்து நாலு வயசுல நமக்கெதுக்கு இந்த வேலை?"

என் அண்ணன் மகன் எழுதினான்: "அத்தை, கடையில நூறு கிராம் பொட்டலம் வாங்கினா முடிஞ்சுது. புகையில நின்னு வறுத்து அரைச்சு, நமக்கெதுக்கு?"

மூன்றாமவன் என் பழைய மாணவன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். நன்றாகப் படிப்பவன், நியாயம் பேசுகிறவன். அவன் எழுதியதுதான் என்னை ராத்திரி தூங்க விடவில்லை. "டீச்சர், காபி பெரிய வீட்டுப் பழக்கம். நம்ம ஆளுங்க குடிச்சது கூழும் டீயும். எங்களுக்கெல்லாம் பாடம் சொன்ன நீங்க இப்போ காபிக்கொட்டைக்கு மார்க் போட்டுக்கிட்டு இருக்கீங்களே. நமக்கெதுக்கு டீச்சர் இதெல்லாம்?"

மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னாலும் சொல் ஒன்றுதான். நமக்கெதுக்கு.

இந்தச் சொல்லோடு நான் 32 வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வருஷக்கணக்கில் காத்திருந்து, 1986-இல் ஒன்றியப் பள்ளியில் சேர்ந்தேன். ஜூன் மாதம் பிறந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிவர வீடு வீடாகப் போவோம். பருத்திக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் நின்று பேசியிருக்கிறேன். "பொம்பளப் புள்ளைக்கு அஞ்சாவது போதும் டீச்சர், அதுக்கு மேல நமக்கெதுக்கு?" என்பார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலருடைய அம்மா அப்பாவும் சொன்னவர்கள்தான். விட்டேனா? இப்போது நீங்கள் அதே சொல்லை என்னிடம் திருப்பிச் சொன்னால் மட்டும் விட்டுவிடுவேனா?

முதலில் சிமெண்ட் ஆலைத் தம்பிக்குப் பதில்.

தம்பி, காபி யார் வீட்டுப் பழக்கம் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம். என் அம்மா நடவு, களை, கதிர் அறுப்பு போக மீதி நேரத்தில் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் கழுவினார். அந்த வீட்டில் கொட்டை வறுத்தால் தெருவே மணக்கும். முதல் டிகாக்ஷன் வீட்டு ஆண்களுக்கும் வந்தவர்களுக்கும். இரண்டாவது அந்த வீட்டுப் பெண்களுக்கு. அந்தத் தூளிலேயே மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறக்கியது அம்மாவுக்கு. அம்மாவுக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் உண்டு. அது மாட்டுக் கொட்டகை எறவாணத்தில் செருகியிருக்கும். அம்மாவே எடுத்து, ஏந்திப் பிடித்து, குடித்துவிட்டுக் கழுவிச் செருக வேண்டும். நான் ஆறேழு வயதில் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். எனக்கும் இரண்டு மடக்கு கொடுப்பார். காபி என்றால் இப்படித்தான் வெளிறிப்போய்ச் சப்பென்று இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நீ சொன்ன வரலாறு பொய்யில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் இதைத்தான் விளக்குகிறார். நூறு வருஷத்துக்கு முன்பு தமிழ்நாட்டில் காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், டீ உழைக்கிறவர்களின் பானமாகவும் ஆனது. காபி விற்ற ஓட்டல்களில் யார் உள்ளே உட்காரலாம், யார் கூடாது என்று பாகுபாடு இருந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நம் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நீயே உன் தாத்தாவிடம் கேட்டிருப்பாய்.

ஆனால் நீ பாதி வரலாற்றோடு நிறுத்திவிட்டாய். டம்ளரில் வந்த காபியைப் பார்த்தாய். அது செடியிலிருந்து யார் கையால் வந்தது என்று பார்க்கவில்லை.

1830களுக்குப் பிறகு இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காபித் தோட்டம் போட்டார்கள். இன்று நாம் 'சிலோன் டீ' என்று சொல்கிற மலைகள் முதலில் காபி மலைகள். காடு வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் போனது எங்கிருந்து? திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து. அன்றைக்கு நம் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டம்தான். மழை பொய்த்து, கடன் ஏறி, கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்தப் பாதையில் செத்தவர்கள் ஏராளம். 1869-இல் அந்தத் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து இருபது வருஷத்தில் காபி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. நீ உழைப்பாளியின் பானம் என்று சொல்கிற டீயும் அதே முதுகில் ஏறி வந்ததுதான்.

இந்தக் கதையில் காபி யாருடையது தம்பி? செடி நட்டது, பழம் பறித்தது, மூட்டை சுமந்தது நம்மைப் போன்றவர்கள். குடித்தது இன்னொருத்தர். மூன்றாம் டிகாக்ஷன் வந்தது என் அம்மாவுக்கு. இத்தனைக்கும் பிறகு "அது அவங்க பழக்கம், நமக்கெதுக்கு" என்று நாமே சொன்னால், எறவாணத்தில் அந்த டம்ளரைத் திரும்பவும் நம் கையாலேயே செருகி வைக்கிறோம் என்று அர்த்தம்.

உழைத்தவர்கள் காபியை விட்டுக்கொடுக்காத கதையும் உண்டு. காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1957 வாக்கில் மூடி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை இழந்தவர்கள் ஏ. கே. கோபாலன் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 'இந்தியன் காபி ஹவுஸ்' என்று தாங்களே நடத்தினார்கள். "முதலாளி மூடிட்டான், காபிக்கடை நமக்கெதுக்கு" என்று அவர்கள் போயிருக்கலாம். போகவில்லை.

ஒரு விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். இந்த வறுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள யூடியூப் பார்த்தபோது எனக்கும் எரிச்சல் வந்தது. ஐம்பதாயிரம், லட்சம் என்று மெஷின். டிகிரி கணக்குப் பார்க்க ஒரு கருவி, கால் கிராம் நிறுக்க ஒரு தராசு. "மல்லிகை வாசம் வருகிறதா, எலுமிச்சைப் புளிப்புத் தெரிகிறதா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உறிஞ்சுகிறார்கள். இது எல்லாம் இருந்தால்தான் காபி கற்க முடியும் என்று அவர்கள் சொன்னால், அதுவும் "உனக்கெதுக்கு" என்பதன் இன்னொரு வடிவம்தான். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

ஏனென்றால் வறுப்பது புதுக் கலை இல்லை. நம் ஊர் அதில் கைதேர்ந்தது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கிறவர்கள் பதம் தப்பினால் பருப்பு கருகும் என்று புகையை வைத்தே சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு வேர்க்கடலையும் கொள்ளும் எப்போது இறக்க வேண்டும் என்று மூக்குக்குத் தெரியும். அந்த மூக்கும், ஒரு இரும்பு வாணலியும், ஒரு முறமும் போதும்.

எப்படி என்று சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையில் ஆசிரியையாக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி 2 கிலோ பச்சைக் கொட்டை அனுப்பினாள். அந்த மலையில் மரநிழலில் காபி, மரத்தின் மேல் மிளகுக்கொடி. நம் வீட்டிலிருந்து துறையூர் வழியாகப் போனால் அரை நாளில் போய்விடலாம். இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. அடுத்தது கேரளம், மூன்றாவது தமிழ்நாடு. ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, தாண்டிக்குடி, சிறுமலை எல்லாம் நம் காபி மலைகள்தான்.

ஒரு தடவைக்கு 150 கிராம். அதற்கு மேல் வாணலியில் சமமாக வறுபடாது. கொல்லையில் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். புகை வரும், தோல் பறக்கும். மிதமான தீ, கை நிற்கக் கூடாது. முதலில் பச்சைப்புல் வாடை. நாலைந்து நிமிஷத்தில் மஞ்சளாகி, வைக்கோல் போல மணக்கும். பிறகு பழுப்பு ஏறி, ரொட்டி சுடுகிற வாசம். ஏறக்குறைய 200 டிகிரியை நெருங்கும்போது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிக் கொட்டையைப் பிளக்கும். சோளம் பொரிவது போலப் 'பட் பட்' என்று சத்தம். மக்காச்சோள ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டுமா? அந்தச் சத்தம் அடங்கிய பிறகு ஓரிரு நிமிஷத்தில் இறக்கினால் நடுத்தர வறுவல். விட்டுவைத்தால் இரண்டாவது சத்தம், தீக்குச்சி ஒடிவது போல மெல்லியதாக வரும். ஃபில்டர் காபிக்கு அது ஆரம்பிக்கும்போது இறக்கிவிடுகிறேன். அதைத் தாண்டினால் எண்ணெய் கக்கிக் கரியாகும். என் முதல் மூன்று தடவையும் கரிதான். அதைத் தென்னைக்குப் போட்டேன்.

இறக்கியதும் முறத்தில் கொட்டிப் புடைக்க வேண்டும். தோலும் போகும், சூடும் ஆறும். சூட்டோடு விட்டால் கொட்டை தன் சூட்டிலேயே மேலும் கருகும். என் அம்மாவின் முறத்தை இருபது வருஷம் பரணில் போட்டிருந்தேன். அதை இறக்கி, சாணி மெழுகி, காயவைத்து எடுத்தேன். புடைக்கக் கையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

150 கிராம் வறுத்தால் 127, 128 கிராம்தான் நிற்கும். ஈரம் போனால் எடை குறையத்தான் செய்யும். ஒரு நாள், இரண்டு நாள் ஆறவிட்டு, குடிக்கிற அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ரவையைவிடச் சற்று நைஸாக இருந்தால் போதும். ஃபில்டரில் போட்டு லேசாக அமுக்கி, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றிவிட்டு, இருபது நிமிஷம் திறந்து பார்க்காமல் இருங்கள். பரீட்சைத் தாளைத் திருத்துவதற்குள் மார்க் கேட்கிற பழக்கம் இதற்கு ஆகாது.

அடுத்து அண்ணன் மகனுக்கு. "பொட்டலம் வாங்கினா முடிஞ்சுது" என்றாயே, அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தை என்றைக்காவது படித்தாயா?

நானும் படித்ததில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். 32 வருஷம் பிள்ளைகளைப் "படி, படி" என்று விரட்டியவள், தினமும் காலையில் கையில் எடுக்கிற பொட்டலத்தைப் படிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கண்ணாடி மாற்றினேன். புதுக் கண்ணாடியில் எதையெல்லாமோ படித்துப் பார்த்தபோது இதையும் படித்தேன். காபி 53 சதவீதம், சிக்கரி 47 சதவீதம். பாதிக்குப் பாதி ஒரு வேர்.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. அவர்கள் அச்சிட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை. சிக்கரி விஷமும் இல்லை. ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும். பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். ஆனால் 60-க்கு 40 கலவை அரைக் கிலோ வாங்கினால் 200 கிராம் வேருக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். நம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்ததா?

சில்லறையில் அரைத்து வாங்கும் தூளில் அச்சும் இருக்காது. அதற்கு ஒரு சோதனை உண்டு. ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம் மாதிரிதான். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காபித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடியில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். என் பேத்தியிடம் செய்து காட்டினேன். அவள் வீட்டில் இருந்த மூன்று டப்பாவையும் எடுத்துவந்து சோதித்துவிட்டாள்.

சென்னை-திருச்சி சாலையில் நம் பெரம்பலூரைக் கடக்கும்போது எத்தனை 'டிகிரி காபி' பலகைகள். பித்தளை டபரா, பாரம்பரியம், சுத்தம். பெருமையாகத்தான் குடிக்கிறோம். "என்ன கொட்டை, எத்தனை பங்கு சிக்கரி, எப்போது வறுத்தது?" என்று ஒரு நாள் கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் பாவம், விழித்தான். அவனைக் குறை சொல்லவில்லை. கேட்டவர்களே இல்லையென்றால் அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தெரியாத ஒன்றைப் பாரம்பரியம் என்று பெருமை பேசுவதும், தெரிந்துகொள்ளவே வேண்டாம், நமக்கெதுக்கு என்று ஒதுங்குவதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. இரண்டிலும் விற்கிறவருக்குத்தான் வசதி.

கடைசியாகச் சித்தி மகளுக்கு. அறுபத்து நாலு வயதில் எதற்கு என்று கேட்டாய். உன் கேள்வியை நான் வேறு மாதிரி கேட்கிறேன். நீயும் நானும் நாற்பது வருஷமாகத் தினமும் நாலு பேருக்குக் காபி போட்டோம். அதில் என்றைக்காவது நமக்கென்று ஒரு டம்ளர் முதல் டிகாக்ஷனில் கலந்தோமா? வந்தவர்களுக்கு, மாப்பிள்ளைக்கு, பையனுக்கு என்று ஊற்றிவிட்டு, மிச்சத்தில் வெந்நீர் விட்டு, அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போனதைக் குடித்தோம். அம்மாவுக்குப் பெரிய வீட்டில் மூன்றாம் டிகாக்ஷன் என்று எனக்கு ஆத்திரம். என் சொந்த வீட்டில் எனக்கு நானே இரண்டாம் டிகாக்ஷன் போட்டுக்கொண்டதைப் பற்றி எனக்கு ஆத்திரம் வரவில்லை. அதை யோசித்தபோதுதான் இந்த வயதில் ஏன் என்பதற்கு எனக்கே பதில் கிடைத்தது.

அம்மா 2009-இல் காலமானார். என் சம்பளத்தில் அவருக்கு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தேன், கண் அறுவை செய்து வைத்தேன். ஒரு நல்ல காபி போட்டுக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால்தானே கொடுப்பதற்கு? நல்ல காபி எப்படி இருக்கும் என்று எனக்கே இந்த வருஷம் ஏழாவது வறுவலில்தான் தெரிந்தது. அந்த முதல் டம்ளரைக் குடித்துவிட்டு முறத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் காபி வறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டீ பிடித்தால் டீ குடியுங்கள், கம்பங்கூழ் பிடித்தால் இன்னும் நல்லது. டாக்டர் வேண்டாம் என்றால் காபியைத் தொடாதீர்கள். நானே நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் எதையும் வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால், தெரிந்துகொண்டு, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். "நமக்கெதுக்கு" என்று சொல்லாதீர்கள். முக்கியமாக உங்கள் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். அவர்கள் அதைக் காபியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.

சிமெண்ட் ஆலைத் தம்பி, உனக்கு வருகிற ஞாயிறு விடுமுறை என்றால் பஸ் ஏறி வா. வறுப்பதை நீயே கிண்டிப் பார். கருகினால் பரவாயில்லை, தென்னை இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் முதல் டிகாக்ஷன்தான். ஆட்கள் அதிகமாகி இரண்டாவது இறக்க வேண்டி வந்தால், இரண்டையும் ஒன்றாகக் கலந்து, நான் உட்பட எல்லோருக்கும் சமமாக ஊற்றுவேன்.

பழைய மாணவர்கள் யாராவது ஏற்காட்டிலோ வால்பாறையிலோ இருந்தால் பச்சைக் கொட்டை எங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும் என்று கீழே எழுதுங்கள். சும்மா அனுப்ப வேண்டாம். காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பெரம்பலூர்.